இரக்கமும் பொறுப்பும்

நாயைப் பற்றி எழுதுவதற்கு இவ்வேட்டில் இடமுண்டோ என்று நகைப்பாரும் உளர். மனிதனே மனிதனுக்குரிய மதிப்பைப் பெறாது அல்லலுறும் உலகில், நோயுற்ற நாய் ஒன்றின் கதை யாருக்கு வேண்டும் என்று அவர்கள் கேட்கலாம். கேட்பது நியாயமே. அக்கேள்விக்கு நேர்மையாக விடை தேடும் பொருட்டே இதை எழுதத் துணிந்தோம்.

கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணியில் நமக்கு நண்பர் ஒருவர் உண்டு. ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் பயின்று, ஆசிரியராய்த் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவர். சில ஆண்டுகளுக்கு முன், கைவிடப்பட்ட பிராணிகளைக் காக்கும் காப்பகம் ஒன்றிலிருந்து அவர் ஒரு நாயைத் தம் இல்லத்துக்கு அழைத்து வந்தார். அது ஜெர்மன் ஷெப்பர்ட் என்றும் அல்சேஷன் என்றும் சொல்லப்படும் இனத்தைச் சேர்ந்தது. தொழிற்சாலை ஒன்றில் காவலுக்கு இருந்த அந்நாய் மெலியத் தொடங்கியதும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிடப்பட்டது என்பதே காப்பகத்தார் அறிந்த வரலாறு.

வீட்டுக்கு வந்த நாய் ஓயாது தின்றது. எவ்வளவு இட்டாலும் அதன் பசி அடங்கவில்லை. விலா எலும்புகளோ எண்ணத்தக்க நிலையில் தெரிந்தன. தின்றதெல்லாம் வெளிறிய, நெய்ப்பசை கொண்ட மலமாக நாளுக்குப் பலமுறை கழிந்தது. சில வேளைகளில் தன் மலத்தையே தின்னவும் முனைந்தது. அண்டை வீட்டார், வாத்தியார் நாயைப் பட்டினி போடுகிறார் என்று ஐயுற்றனர். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்தும் பயனில்லை. முடிவில் பினாங்கிலுள்ள கால்நடை மருத்துவர் ஒருவர், 12 மணி நேரம் உணவின்றி வைத்துப் பின் இரத்தம் எடுத்துச் சோதித்து, நோய் இன்னதென்று கண்டார்.

கணையம் என்பது இரைப்பையை அடுத்து அமைந்த சுரப்பி. அதற்குத் தொழில் இரண்டு. இன்சுலினை இரத்தத்தில் சேர்த்துச் சர்க்கரையை அளவில் நிறுத்துவது ஒன்று. உண்ட கொழுப்பையும் புரதத்தையும் மாவுப்பொருளையும் கரைக்கும் செரிமான நொதிகளைச் சிறுகுடலுக்கு அனுப்புவது மற்றொன்று. இரண்டாவது தொழிலைச் செய்யும் பகுதி இந்த நாய்க்குத் தேய்ந்து அழிந்திருந்தது. அப்பகுதியில் பத்தில் ஒன்பது பங்கு அழியும் வரையில் வெளியே குறி தோன்றுவதில்லை என்பர். அழிந்தது மீள்வதில்லை. ஆயினும் அதன் வேலையைப் பிறிதொன்றால் நடத்தலாம். பன்றியின் கணையத்தை உலர்த்திப் பொடித்த மருந்தை ஒவ்வொரு வேளை உணவிலும் கலந்து தரவேண்டும். குடலில் பி12 உயிர்ச்சத்து குறைந்துபோகுமாதலால் அதற்கு ஊசியும் வேண்டும். முறை தவறாது செய்தால் பெரும்பாலான நாய்கள் உடல் தேறி நெடுநாள் வாழும். செய்யாவிடில், நிறைந்த தட்டின் முன்னே நின்றுகொண்டே பட்டினியால் மெலிந்து சாகும். இது ஆயுள் முழுவதும் நீங்காத செலவு, நீங்காத வேலை.

இதை முன்னரே அறிந்திருந்தால் ஏற்றிருப்பாரோ என்னவோ, நண்பர் அறியாமலே ஏற்றுவிட்டார். விரும்பினால் திருப்பித் தரலாம் என்று காப்பகத்தாரும் கூறினர். ஆகவே நம் முன் நிற்கும் அறக்கேள்வி இது: அறியாது ஏற்ற சுமையை, அதன் கனம் தெரிந்த பின் இறக்கி வைப்பது குற்றமாகுமா?

உறவினர் சிலர் எளிதாக விடை கூறினர். "அது அதன் தலையெழுத்து, முற்பிறப்பில் செய்த வினை" என்றனர். இச்சொல்லை நாம் நன்கறிவோம். கூலி குறைந்தபோதும், குழந்தை இறந்தபோதும், தாழ்ந்தவன் என்று ஒருவனை வாசலில் நிறுத்தியபோதும் இதே சொல்லே நமக்கு ஆறுதலாகத் தரப்பட்டது. துன்பத்தின் காரணத்தைத் தேடாதிருக்க இதைவிட வசதியான சொல் வேறில்லை. நாயின் நோய்க்குக் காரணம் தேய்ந்த சுரப்பி. அந்நோய் இந்த இனத்தில் வழிவழியாய் வருவதுண்டு. இனமோ மனிதன் வகுத்தது. 1899-இல் ஜெர்மனியில் மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பவர் இவ்வினத்துக்கென ஒரு சங்கம் நிறுவி, தமக்கு வேண்டிய குணமுள்ள நாய்களைத் தேர்ந்து பெருக்கும் முறையைத் தொடங்கினார். நாம் விரும்பிய உருவையும் உழைப்பையும் பெறுவதற்காக ஓர் உயிரைத் தலைமுறை தலைமுறையாய் வார்த்தெடுத்துவிட்டு, அதனுடன் வந்த நோயை மட்டும் வினையின் கணக்கில் எழுதுவது அழகாகுமா?

வேறு சிலர், "வைத்துக்கொள்ளுங்கள், புண்ணியம் உண்டு" என்றனர். இவர்கள் நல்லெண்ணத்தை நாம் மறுக்கவில்லை. ஆனால் புண்ணியம் கருதிச் செய்வது வாணிகம். பாரதக் கதையில் தருமன், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தான் என்பர். அருமையான மறுப்பே. எனினும் கதையின் முடிவில் அந்த நாய் தருமதேவதையாக உருமாறிவிடுகிறது. மன்னனுக்குச் சுவர்க்கமும் கிடைத்துவிடுகிறது. நம் நண்பரின் நாய் நாயாகவே இருந்தது. முற்றத்தை அசுத்தம் செய்தது. விடியுமுன் எழுந்து கதவைச் சுரண்டியது. அத்தகைய நாயைக் காப்பதற்கன்றோ அறம் வேண்டும்?

பாரி முல்லைக்குத் தேர் ஈந்ததையும், பேகன் மயிலுக்குப் போர்வை தந்ததையும் நாம் பெருமையுடன் பேசிவருகிறோம். அக்கொடைகளின் அழகை நாமும் அறிவோம். ஆனால் தேர் கிடைத்த முல்லைக்கு மறுநாள் நீர் விட்டவர் யார் என்று நாம் கேட்பதில்லை. இரக்கம் ஒரு கணத்தில் எழுவது. கூண்டின் கம்பிகளுக்கிடையே ஒரு நாய் முகம் நீட்டும்போது கல்நெஞ்சனுக்கும் அது எழும். அந்தக் கணம் கழிந்த பின், நாற்பதாம் நாள் காலையிலும் நானூறாம் நாள் காலையிலும் பொடியை அளந்து சோற்றில் பிசைந்து வைக்கும் கைக்குப் பாட்டுப் பாடுவார் இல்லை. நாம் பொறுப்பு என்பது அந்தக் கையின் வேலையையே.

இனி, உண்மையான மறுப்புக்கு வருவோம். அதை எழுப்பியவர் நண்பரின் தாயார். எண்பதைக் கடந்தவர், பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். மருந்தின் விலையைக் கேட்டதும் அவர் மகனிடம், "லயத்திலே நம் பிள்ளைகள் வயிற்றுப்போக்கில் செத்தபோது கொடுக்க மருந்தில்லை. நாய்க்குப் பொடியும் ஊசியுமா, ஐயா?" என்றார். அவர் இழந்த பிள்ளைகள் இருவர். இம்மறுப்பின் முன் எளிதாகப் பேசிவிட எவருக்கும் வாய் வராது.

நாம் பன்னாள் எண்ணிப் பார்த்தோம். அப்பிள்ளைகளுக்கு மருந்தில்லாமற் போனது ஏன்? எந்த நாயும் அதைத் தின்றுவிடவில்லை. பயனுக்குத் தக்கதே மதிப்பு என்னும் ஓர் அளவுகோல் தோட்டத்தை ஆண்டது. பால் வாளி நிறையும் வரையில் ஆள். கை தளர்ந்தால் லயத்தைக் காலி செய்ய வேண்டியவன். காவல் காக்கும் வரையில் சோறு, மெலிந்தால் நெடுஞ்சாலை என்று இந்த நாயைத் தள்ளியதும் அதே அளவுகோல்தான். மனிதரை நாயோடு ஒப்பிடுகிறோம் என்று எவரும் கொள்ளற்க. இருவரையும் அளந்த கோலையே குற்றம் கூறுகிறோம். நம்மை அடித்த கோலை நம் கையில் எடுத்து, நம்மிலும் எளிய உயிர்மீது ஓங்கலாமா என்பதே கேள்வி.

இன்னுமொன்று. அத்தாயாருக்குச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்பவர். இந்நாட்டுத் தமிழர் வீடுகளில் இது புதுமையன்று. இன்சுலின் வந்த வழி யாது? 1889-இல் மெரிங், மின்கௌஸ்கி என்னும் இரு மருத்துவர் ஒரு நாயின் கணையத்தை நீக்கி, அதனால் சர்க்கரை நோய் உண்டாவதைக் கண்டனர். 1921-இல் கனடாவின் டொரோண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களின் கணையத்திலிருந்து சாறெடுத்து, கணையம் நீக்கப்பட்ட நாய்களுக்குச் செலுத்தி, அவற்றை உயிரோடு வைத்துக் காட்டினர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அம்மருந்து முதன்முதல் செலுத்தப்பட்டது. அந்த நாய்களை எவரும் சம்மதம் கேட்கவில்லை. அவை இறந்ததால் எத்தனையோ தாய்மார் இன்று பேரப்பிள்ளைகளைக் காண்கின்றனர். கடனைத் திருப்பித் தர அவை இன்று இல்லை. ஆனால் "நாய்க்கும் நமக்கும் என்ன?" என்று கேட்கும் உரிமை நமக்கில்லாமற் போயிற்று.

இதனால் நாய்க்கே முதலிடம் என்பதன்று நம் கருத்து. பேரன் பள்ளிக்குக் கட்ட வேண்டிய பணத்தில் பொடி வாங்கியிருந்தால் நண்பரை நாமே கண்டித்திருப்போம். அவர் அவ்வாறு செய்யவில்லை. மருத்துவரின் யோசனை கேட்டு, சந்தையில் பன்றியிறைச்சி விற்கும் சீனரிடம் சொல்லிவைத்து, கணையத்தைப் பச்சையாக வாங்கி அரைத்து, சிறு சிறு பங்காக உறைபெட்டியில் வைத்துக்கொண்டார். பொடிக்குப் பதில் அதுவே பெரும்பாலும் உதவிற்று. செலவு குறைந்தது, வேலை கூடிற்று.

இயலாதவன் ஏற்காதிருப்பது பாவமன்று. வருமானத்தையும், வீட்டையும், வீட்டிலுள்ளோர் மனத்தையும், அண்டை வீட்டாரின் வசதியையும் எண்ணிப் பார்த்து, "நம்மால் ஆகாது" என்று கூறுவதும் நேர்மையே. காப்பகத்தார் நாயின் நோயை மறைக்காது உரைப்பதும், ஏற்பவர் துருவித் துருவிக் கேட்பதும் கடமை. ஆனால் ஏற்ற பின் நிலை வேறு. கடையில் வாங்கிய பண்டம் பழுதெனில் திருப்பித் தரலாம். அங்கே விலையும் பண்டமும் கைமாறின, அவ்வளவே. ஏற்பு என்பது வாக்கு. மனிதனுக்கு வாக்களித்தால், நம் இடர் கண்டு அவனே நம்மை விடுவிக்கக் கூடும், வழக்காடவும் கூடும். நாய்க்கு இரண்டும் இயலா. மலேசியாவின் 2015-ஆம் ஆண்டு விலங்குநலச் சட்டம், வளர்ப்பவன் தன் பிராணிக்குத் தக்க உணவளிக்கவும் அதை நோயினின்று காக்கவும் கடமைப்பட்டவன் என்கிறது. எனினும் வேலிக்குள் நடப்பதைச் சட்டம் எத்தனை நாள் எட்டிப் பார்க்கும்? கேட்பாரற்ற வாக்கைக் காப்பவன் தனக்குத்தானே சாட்சி. மனிதனின் ஒழுக்கம் அங்கேதான் அளக்கப்படுகிறது என்பது நம் துணிபு.

கைப்பொருள் உண்மையிலேயே வற்றிப்போனால், இயன்ற வேறொரு கையைத் தேடி, நோயையும் மருந்தையும் விளக்கி ஒப்படைப்பதும் அவ்வாக்கைக் காப்பதேயாகும். மருந்துக்கும் அடங்காத துன்பம் வந்தால், மருத்துவர் கையால் நோவின்றி முடிவு பெறச் செய்து, அவ்வேளையில் அருகிருப்பதும் துரோகமாகாது. சொல்லாமல் சாலையில் இறக்கிவிடுவதே துரோகம்.

நீங்கள் ஏன் திருப்பித் தரவில்லை என்று நண்பரை ஒருமுறை கேட்டோம். 1980-களில் தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்பு நிலமானபோது, தம் குடும்பம் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்ததையும், லயத்து நாயை அங்கேயே விட்டு வந்ததையும் சொன்னார். அன்று வேறு வழி இருந்ததா என்று கேட்டதற்கு, "தேடவில்லை" என்றார். அதற்கு மேல் அவர் பேசவில்லை.

தாயார் தம் மறுப்பை இன்றும் கைவிடவில்லை. மருந்துச் செலவுக் கணக்கை மாதந்தோறும் கேட்கிறார். ஆனால் சென்ற ஆண்டு நண்பர் நான்கு நாள் வெளியூர் செல்ல நேர்ந்தபோது, ஒரு வேளையும் தவறாமல் பங்கெடுத்து உருக்கிச் சோற்றில் பிசைந்து வைத்தவர் அவரே. "உங்களுக்குத்தான் பிடிக்காதே, அம்மா" என்று நாம் நகைத்தோம். "பசிக்குது என்று வந்து நிற்கிறது. அதனிடம் போய் நியாயம் பேசுவதா?" என்றார்.

இறந்த பிள்ளைகளையும் அவர் மறக்கவில்லை. நிற்கும் நாயையும் விரட்டவில்லை. நேயர்கள் சிந்திப்பார்களாக.