இப்பொழுது என்ன வாசிக்கிறீர்கள்?



சென்ற இதழுக்கென நாம் ஒரு சிறு முயற்சி செய்தோம். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து, மண்டபத்திலே பிரசாதம் வழங்கும் வேளையில், வந்திருந்த அடியார்களிடம் ஆளுக்கொரு கடதாசித் துண்டைக் கொடுத்து, "தாங்கள் இப்பொழுது வாசித்துக்கொண்டிருக்கும் புத்தகம் எது?" என்று எழுதித் தரும்படி கேட்டோம். விடைகளை ஒரு பக்கத்தில் தொகுத்து வெளியிட்டால், ஒருவர் வாசிப்பதை மற்றவர் அறிந்துகொள்வதற்கும், விரும்பினால் இரவல் வாங்குவதற்கும் வழி பிறக்கும் என்பதே எமது எண்ணம். அந்தப் பக்கம் சென்ற இதழில் வெளிவரவில்லை. ஏன் வரவில்லை என்று சிலர் கேட்டிருந்தனர். அதற்குரிய விளக்கத்தை எழுதத் தொடங்கினோம். அது இவ்வளவு நீண்டுவிட்டது.

துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையிலே பரப்பிப் பார்த்தோம். நாற்பது இருந்தன. திருக்குறள் என்றும், பெரியபுராணம் என்றும், திருவாசகம் என்றும், பகவத்கீதை என்றும் அழகான கையெழுத்துக்களில் எழுதியிருந்தார்கள். லண்டன் மாநகரிலே, பாதாள ரயிலிலும் இரவு வேலையிலும் காலம் கழிக்கும் எம்மவர் இத்தனை பேர் இவற்றை வாசிக்கிறார்களா என்று முதலில் உள்ளம் பூரித்தது. சிறிது நேரத்தில் அந்தப் பூரிப்புக் குறைந்தது. பெரியபுராணம் என்று எழுதிய சிலரின் வீடுகளுக்கு நாம் போயிருக்கிறோம். அந்தப் புத்தகம் சுவாமி அறையிலே, மட்டையில் சந்தனமும் குங்குமமும் பூண்டு வீற்றிருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு வெளியே வரும். விஜயதசமி கழிந்ததும் உள்ளே போகும். அதன் தாள்கள் இன்னும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே இருக்கின்றன.

பிறரைக் குறை சொல்லுமுன் எமது துண்டையும் எடுத்துப் பார்த்தோம். அதில் திருமந்திரம் என்று இருந்தது. அந்த வாரம் எமது தலையணைக்குப் பக்கத்தில் உண்மையாகவே கிடந்தது, ஊர் நூலகத்தில் எடுத்த ஓர் ஆங்கிலத் துப்பறியும் கதை.

இவற்றுக்கு நடுவே பென்சிலால் எழுதிய ஒரு துண்டு இருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன், தமிழும் ஆங்கிலமும் கலந்து எழுதியிருந்தான். தான் ஹரி பொட்டர் மூன்றாம் புத்தகம் வாசிப்பதாகவும், அம்மா கார் ஓட்டும் பரீட்சைக்கான புத்தகம் வாசிப்பதாகவும், அப்பா ஒன்றும் வாசிப்பதில்லை, ஃபோன் மட்டும் பார்க்கிறார் என்றும் மூன்று வரிகள். அதே வீட்டிலிருந்து அப்பாவின் துண்டும் வந்திருந்தது: "திருக்குறள், பரிமேலழகர் உரையுடன்."

இரண்டையும் பிரசுரித்தால் தகப்பனுக்குச் சபையிலே வெட்கம். பையனுடையதை விட்டுவிட்டு அப்பாவுடையதை மட்டும் பிரசுரித்தால், உண்மை எழுதிய பிள்ளையை ஒதுக்கி, மற்றதை மரியாதை செய்தவர்கள் ஆவோம். அதை அந்தப் பிள்ளை பார்ப்பான். இரண்டையும் விட்டால் மீதி முப்பத்தெட்டை எந்த முகத்தோடு அச்சிடுவது? பக்கத்தை நிறுத்திவிட்டோம்.

எனினும் கேள்வி மனதை விட்டு அகலவில்லை. வாசிக்காத புத்தகத்தை வாசிப்பதாகச் சொல்வது பொய்தானா? வாசிக்க விரும்பும் புத்தகத்தின் பெயரைச் சொல்வதில் ஒரு பணிவும் இருக்கிறதல்லவா? "இப்படிப்பட்டவனாக இருக்க விரும்புகிறேன்" என்று ஒருவர் சபையிலே சொல்வதைப் பொய் என்று தள்ளிவிட முடியுமா?

இவ்விடத்திலே நம்மவர் சரித்திரத்தில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுகூர்வது பொருத்தமாகும். உ. வே. சாமிநாதையர் அவர்களுக்கு 1880இல் இருபத்தைந்து வயது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளை அவர்களின் மாணாக்கர். திருவாவடுதுறை ஆதீனத்தில் பயின்றவர். அந்த வருடமே கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தவர். அவ்வூருக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்தவர் சேலம் இராமசுவாமி முதலியார். ஆதீனகர்த்தர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியபடி, ஐயர் அவரைக் காணச் சென்றார். நாள் 21 அக்டோபர் 1880.

முதலியார் கேட்டது நாம் துண்டிலே கேட்ட கேள்விக்கு மிகக் கிட்டியது. என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்றார். ஐயர் சொல்லத் தொடங்கினார்: அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள் என்று ஒரு நெடிய பட்டியல். ஒவ்வொன்றும் முறையாகப் பாடங்கேட்டது. ஒன்றிலும் பொய் இல்லை. கேட்டவர் முகத்தில் ஒரு வியப்பும் தோன்றவில்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்கின்ற பாவனையிலேயே இருந்தார். கம்பராமாயணம் என்று சொல்லியும் அவர் திருப்தியடையவில்லை. இவற்றுக்கெல்லாம் முற்பட்ட நூல்களைப் படித்ததுண்டா என்று கேட்டு, சீவகசிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று பெயர் சொன்னார்.

ஐயர் அவர்கள் அந்த நூல்களைப் படித்ததில்லை. கற்ற வித்துவான் என்று பெயரெடுத்த இளைஞருக்கு அது எத்தகைய நிமிடம் என்று எண்ணிப் பாருங்கள். சிறிது பார்த்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மானம் தப்பியிருக்கும். அக்காலத்தில் அதைச் சோதிக்கக் கூடியவர்கள் மிகச் சிலர். அவர் படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்றார். அந்த ஒப்புதலின் பிறகுதான் முதலியாரின் போக்கு மாறியது. சிந்தாமணியின் பிரதியைத் தாமே கொடுத்தார். அதோடு விட்டுவிடவும் இல்லை; தம்முடன் இருந்து அதை வாசிக்க வரவேண்டும் என்று கேட்டு, இருவரும் சேர்ந்து வாசிக்கத் தொடங்கினார்கள்.

'என் சரித்திரம்' என்ற தலைப்பில், 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய சுயசரிதையிலே, அறுபது வருடங்களுக்கு முன் நடந்த இந்தச் சந்திப்பைத் தமக்கு ஏற்பட்ட வெட்கத்தோடு சேர்த்தே ஐயர் எழுதிவைத்திருக்கிறார். அப்பொழுது அவர் நாடறிந்த மகாமகோபாத்தியாயர். அந்தப் பகுதியை மூடி மறைத்திருந்தால் கேட்பார் எவருமில்லை.

அதன் பிறகு நடந்தவை பலர் அறிந்தவை. சிந்தாமணி சமண காவியம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்கு அதன் கருத்துக்கள் பல விளங்கவில்லை. கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடுகளைத் தேடிச் சென்று கேட்டார். அங்கே ஒரு வீட்டு வாசலில் தோரணம் கட்டியிருந்தது. விசாரித்தால், சிந்தாமணியைப் பல மாதங்களாகப் படித்துக் கேட்டு அன்று பூர்த்தி செய்திருக்கிறார்கள். பண்டிதர்கள் பெயரளவில் மட்டும் அறிந்திருந்த நூல், சில தெருக்கள் தள்ளி ஒரு வீட்டிலே ஆரவாரமின்றி வாசிக்கப்பட்டு வந்தது! எங்கள் நாற்பது துண்டுகளிலும் அப்படி ஒன்று ஒளிந்திருக்கக் கூடும் என்று இதை எண்ணும்போது தோன்றுகிறது. சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889, சிலப்பதிகாரம் 1892, புறநானூறு 1894, மணிமேகலை 1898. (எமது சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களும் அக்காலத்தில் ஏடு தேடி உழைத்தவர். சிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கத் தரும்படி அவர் கேட்டதும், ஐயர் கொடுக்க மனமின்றி நின்றதும் வேறொரு கதை. வாசிப்பதைப் பகிர்வதிலும் எல்லை உண்டு போலும்.)

இதிலே எமக்குப் பட்டது ஒன்று. சம்பவத்தைச் சொல்பவர்கள் ஐயரின் நேர்மையைப் போற்றுவார்கள், அது சரியே. நாம் கேட்டவரையும் பார்க்க விரும்புகிறோம். என்ன பயன் என்று ஒருவருடைய பத்து வருடப் படிப்பைப் பார்த்துக் கேட்பது கடுமையான செயல். அந்தக் கடுமைக்கு முதலியார் விலை கொடுத்தார்: தம் புத்தகத்தையும், ஓய்வு நேரத்தையும். இந்தப் பட்டியல் போதாது என்று சொன்னவர், போதாததை நிரப்பத் தாமே பக்கத்தில் உட்கார்ந்தார். நாம் மண்டபத்திலே கடதாசித் துண்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த வரிசைக்குப் போய்விட்டோம். அப்படிக் கேட்பவருக்கு உண்மையான விடை எழுத வேண்டிய கடமை எவருக்கு இருக்கிறது? பரீட்சகர்போல் வந்து நிற்பவருக்குப் பரீட்சை விடைதானே கிடைக்கும்?

இதற்கு நாம் வாழும் இந்நாட்டிலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஜி. யு. போப் ஐயர் தமிழ்நாட்டில் பல்லாண்டு பாதிரியாராக இருந்து, பின் ஆக்ஸ்ஃபோர்டிலே தமிழும் தெலுங்கும் கற்பித்தவர். அங்கே பேலியல் கல்லூரித் தலைவராக இருந்த ஜோவெட் என்பவரோடு உலாவும்போது, மாணிக்கவாசகரைப் பற்றிப் பேசியிருக்கிறார். அதை மொழிபெயர்த்து வெளியிடுங்கள் என்று ஜோவெட் தூண்டினார். இந்த வயதிலா என்று போப் தயங்க, பெரிய வேலை ஒன்று கையில் இருந்தால் ஆயுள் நீளும் என்ற கருத்துப்பட அவர் ஊக்கப்படுத்தினார். போப்பே இதைத் தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். திருவாசக மொழிபெயர்ப்பு 1900இல், அவரது எண்பதாம் பிறந்தநாளை ஒட்டி வெளிவந்தது. தமிழ் தெரியாத ஒருவர் கேட்ட விதத்தில், வாசிப்பவருக்கு வலு வந்தது.

போப்பைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருடைய கல்லறையிலே "தமிழ் மாணவன்" என்று பொறித்திருக்கிறது என்று மேடைகளில் கேட்டிருக்கிறோம். நாமே சொல்லியும் இருக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர் இடுகாட்டிலுள்ள அக்கல்லில் அப்படி இல்லை. அவர் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர் என்றும், அவருடைய குடும்பத்தவரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து கல்லை நாட்டினர் என்றும் இருக்கிறது. உண்மையே போதிய அழகுடையது. ஆயினும் எமக்கு அது போதவில்லை, மெருகூட்டிச் சொன்னோம். எமது திருமந்திரத் துண்டும் அந்த வகையைச் சேர்ந்ததே.

ஒரு முதியவரின் துண்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண் பார்வை மங்கிவிட்டதால் இப்பொழுது எதுவும் வாசிப்பதில்லை என்றும், இளமையில் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே வாசித்தவற்றை இரவில் படுத்தபடி நினைத்துப் பார்ப்பதாகவும் எழுதுவித்திருந்தார். அந்த நூலகம், க. மு. செல்லப்பா அவர்கள் 1933இல் தம் வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுத்ததில் தொடங்கியது. 1981ஆம் ஆண்டு மே 31 நள்ளிரவு தாண்டி எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் கட்டடம் புதுப்பிக்கப்பட்டது. அவர் நினைத்துப் பார்க்கும் பிரதிகள் இன்று உலகில் இல்லை. அவர் வாசிக்கிறாரா இல்லையா என்று எம்மால் தீர்க்க முடியவில்லை. ஆனால் அவர் பேர்த்தியிடம் சொல்லி எழுதுவித்த அந்த "வாசிப்பதில்லை" என்ற சொல், எமது மேசையில் இருந்த மிக நேர்மையான சொல் என்பதில் சந்தேகமில்லை.

பையனின் தகப்பனாரைத் தனியே சந்தித்து இரண்டு துண்டுகளையும் கொடுத்தோம். தம்பி கோபப்படுவார் என்று பயந்திருந்தோம். சிறிது கோபமும் பட்டார். "அண்ணை, நான் பொய் எழுதேல்லை. ஊரிலை இருந்து கொண்டு வந்த ஒரே புத்தகம் அது. இருபது வருசமா வாசிக்கவேணும் எண்டுதான் வைச்சிருக்கிறன்" என்றார். இரவு வேலை, இரண்டு பிள்ளைகள், வாடகை. அதற்கு நாம் என்ன சொல்வது? ஒரு புத்தகத்தை இருபது வருடம் விடாமல் சுமப்பதும் ஒரு வகை உறவுதான். ஆனாலும் பையன் பார்த்தது ஃபோனைத்தான் என்பதையும் அவரிடம் சொன்னோம். துண்டுகளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு இதைப் பற்றி அவர் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை.

பையனிடம் மட்டும் நாம் கேட்டது அரைகுறையாக நின்றுவிட்டது. அவன் உண்மை சொன்னான். நாம் அவன் புத்தகத்தை ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. எனவே துப்பறியும் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே நூலகத்தில் ஹரி பொட்டர் மூன்றாம் புத்தகத்தை எடுத்து வந்தோம். இதை எழுதும் வேளையில் 62ஆம் பக்கத்தில் நிற்கிறோம். சென்ற வெள்ளியும் அதற்கு முந்திய வெள்ளியும், பிரசாத வரிசையிலே பையன் எம்மைப் பிடித்து, "அங்கிள், எத்தினையாம் பக்கம்?" என்று கேட்டான். இரண்டு தடவையும் 62 என்றே சொல்ல நேர்ந்தது.