அருந்ததி தெரிகிறதா?

போடிநாயக்கனூரில் ஏலக்காய் ஏலம் நடக்கும் காட்சியை ஒருமுறை கண்டு வாருங்கள், தோழர்களே! மாதிரிக் காய் வணிகர் கைக்கு வருகிறது. உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிறார். பச்சை மங்கியதா, காய் பருத்ததா, உள்ளே விதை கறுத்திருக்கிறதா, மணம் நிற்கிறதா என்று ஆய்கிறார். விலை அதற்குப் பிறகுதான். "நல்ல காய் என்று முன்னோர் சொல்லிவிட்டனர், நம்பி வாங்கும்" என்று எவரேனும் சொன்னால் கூடியிருப்போர் கைகொட்டிச் சிரிப்பர்.

அதே வணிகர் வீட்டுத் திருமணத்துக்குச் செல்வோம். தை மாதம், காலை ஒன்பது மணி முகூர்த்தம், கதிரவன் காய்கிறான். அம்மி மிதித்தாயிற்று. புரோகிதர் மணமக்களைப் பந்தலுக்கு வெளியே அழைத்து வந்து, வானை நோக்கி விரல் நீட்டி, "அருந்ததி தெரிகிறதா?" என்கிறார். பட்டம் பெற்ற மணமகன் தலையசைக்கிறான்: "தெரிகிறது!" தெரியவில்லை என்பது கேட்டவருக்குத் தெரியும், சொன்னவனுக்குத் தெரியும், சூழ நிற்கும் சுற்றத்துக்கும் தெரியும். இல்லறத்தின் வாயிற்படியிலேயே ஒரு பொய்!

காணாததைக் கண்டேன் என்பது குற்றமா? சடங்குதானே, யாருக்கு என்ன கேடு என்பர். பொருள் இழப்பு ஏதுமில்லை, மெய்தான். ஆனால் அங்கே ஒரு மனிதன் தன் கண்ணின் சாட்சியத்தைப் பிறர் விரலுக்கு அடகு வைக்கிறான். பட்டப்பகலில் விண்மீனைக் கண்டவன், நாளை பெண்ணின் சாதகத்தில் செவ்வாயின் தோசத்தையும் காண்பான். பிறப்பிலே உயர்வு தாழ்வையும் காண்பான். ஏழையின் நெற்றியிலே எழுத்தையும் காண்பான். தலையசைக்கப் பழகிய கழுத்து எளிதில் நிமிர்வதில்லை.

உண்மையில் அருந்ததியைக் காண்பது அரிய வேலையுமன்று. சித்திரை, வைகாசி முன்னிரவில் வடவானை நோக்குங்கள். ஏழு முனிவர் என வழங்கும் கூட்டத்தின் வாலிலே மூன்று மீன்கள். நடுவில் நிற்பது வசிட்டர். அதை ஒட்டிய மங்கிய புள்ளி அருந்ததி. 1857இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வுக் கூடத்தார் வசிட்டரை அருந்ததியோடு சேர்த்துப் படம் பிடித்தனர். இரட்டை விண்மீன் ஒன்று ஒளிப்படத்தில் பதிந்தது அதுவே முதல் முறை. அறிஞர்கள் மேலும் துருவினர். வசிட்டர் ஒருவரல்லர், நால்வர் என்று தெரிந்தது! அருந்ததியும் இருவர் என்று 2009இல் கண்டனர். ஆறு பேர் கூடிய குடும்பத்தைக் காட்டியன்றோ 'ஒருவனுக்கு ஒருத்தி' என்று புரோகிதர் போதிக்கிறார்! ஏறத்தாழ 80 ஒளியாண்டுத் தொலைவு. இந்த மணமக்கள் தலையசைத்த செய்தி அங்கே போய்ச் சேருமுன் அவர்கள் பேரனுக்கும் திருமணம் முடிந்திருக்கும்.

இந்தப் பொய்யைச் சுயமரியாதைத் திருமணம் விரட்டியது. 1967இல் அண்ணாவின் அரசு அதற்குச் சட்டத்தின் ஏற்பையும் பெற்றுத் தந்தது. பெருமைதான். ஆயினும், பொய்யைத் துறந்த நம் இளைஞர் பலர் வானத்தையும் உடன் துறந்துவிட்டனரோ என்று ஐயுறுகிறோம். "அருந்ததியாவது, வசிட்டராவது!" என்று மேடையில் முழங்கும் தோழரை இரவிலே வெளியே அழைத்து, "எங்கே, அந்த மீனைக் காட்டும்" என்றால் விழிக்கிறார். புரோகிதர் காணாமலே உண்டென்றார். தோழர் காணாமலே இல்லையென்கிறார். தோழரின் முடிவு சரி. அவர் அங்கே வந்த வழி?

வங்காளத்திலே ஒருவர் இருந்தார். ராதா கோவிந்த சந்திரா என்று பெயர், 1878இல் பிறந்தவர். பள்ளித் தேர்வில் மூன்று முறை தோற்று, யசோர் நகரக் கருவூலத்தில் காசு எண்ணும் வேலையில் அமர்ந்தவர். 1910இல் ஹாலி வால்மீனைப் பார்த்தார். பிறகு பார்வையை விடவேயில்லை. 1918இல் கழுகுக் கூட்டத்தில் திடீரென ஒளிர்ந்த புதுமீனைத் தாமாகவே கண்டார். ஒளி கூடிக் குறையும் விண்மீன்களை, ஒளி மாறாத அண்டை மீன்களோடு ஒப்பிட்டு அளவிட்டு, அமெரிக்காவிலுள்ள ஆர்வலர் சங்கத்துக்கு எழுதி அனுப்பினார். 37,000க்கும் மேற்பட்ட குறிப்புகள்! சம்பளமில்லை, பதவியில்லை. 1926இல் அச்சங்கம் அவருக்கு 6 அங்குலத் தொலைநோக்கி ஒன்றை அனுப்பிற்று. அவருக்குப் பயன்பட்ட அந்தக் கருவி கடைசியில் நம் தமிழகத்துக் காவலூர் வந்து சேர்ந்தது.

இந்தப் பணிக்கென்று ஒழுக்கம் உண்டு. நேற்று எழுதிய அளவைப் பார்த்துவிட்டு இன்றைய விண்மீனைப் பார்க்கலாகாது. மனம் கண்ணை ஏய்த்துவிடும். மேகம் மூடினால் மேகம் என்றே எழுத வேண்டும். எந்தக் கோயிலிலும் இத்தகைய நோன்பை நாம் கண்டதில்லை.

போடி மலைச்சரிவின் இளைஞருக்கு இந்நோன்பு எட்டாததா? மழைமேகம் விலகிய தை முதல் சித்திரை வரை, நகர விளக்கொளி மங்கும் உயரத்துக்குச் சென்று, வடக்கே மலை மறைக்காத இடமாகப் பார்த்து நின்றால் போதும். துருவமீன் அடிவானுக்கு மேலே வெறும் 10 பாகையில் நிற்கும். தெற்கே திரும்பினால் சிலுவை மீன்கள் எழும். ஒளிப்படக் கருவியை முக்காலியில் நிறுத்தி ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். ஒவ்வொரு மீனும் துருவத்தைச் சுற்றி 15 பாகை வில் வரையும். நம் கண் ஒளியைச் சேமித்து வைப்பதில்லை, கருவி சேமிக்கிறது. ஆனால் ஓர் எச்சரிக்கை! வேடிக்கைக்காக இல்லாத நிறத்தைப் பூசிக் காட்டும் படமும் புரோகிதர் விரலுக்கு உடன்பிறப்பே.

"விடியுமுன் ஜீப்பில் நெருக்குண்டு போடிமெட்டு ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதனால் ஆவதென்ன?" என்று கேட்பர். நேர்மையான கேள்வி. கூலி ஒரு காசும் உயராது. அதற்குச் சங்கம் வேண்டும், போராட்டம் வேண்டும். ஆனால் அந்தப் பெண்ணின் மகளுக்குச் செவ்வாய் தோசம் என்று சொல்லி வரன்கள் திரும்பிப் போகின்றனவே! அந்தச் செவ்வாயை அவள் இதுவரை அடையாளம் கண்டதுண்டா? யாரேனும் காட்டியதுண்டா?

ஒரு சிறு தொலைநோக்கியைத் தெருமுனையில் நிறுத்துவோம். செவ்வாய் அருகில் வரும் காலமாயின் செந்நிறச் சிறு வட்டம் தெரியும். நல்ல இரவில் அதன் விளிம்பில் வெண்பனிப் புள்ளியும் தெரியலாம். முதலில் அவள் பார்க்கட்டும், பிறகு மகள். "தெரிகிறதா?" என்று கேட்போம். "ஒன்றும் தெரியவில்லையே, அண்ணே" என்று அவள் சொன்னால், குவியத்தைத் திருத்திவிட்டு மறுபடி கேட்போம். அப்போதும் தெரியவில்லை என்றால் அதையே குறிப்பேட்டில் எழுதுவோம்.