சேலைக்கு நிறம் வந்தால் துக்கம் போய்விடுமா?

போன தீபாவளிக்கு முன்பு அம்மா ஒரு காரியம் செய்தாங்க. அப்பா இறந்த பிறகு மூன்று வருஷமா கோயிலுக்குக் கட்டிக்கிட்டுப் போன வெளிர் சந்தன நிறப் பட்டுச்சேலையை எடுத்துக்கிட்டு, பாத்தேக் வகுப்பில் சேர்ந்துட்டாங்க. அந்தச் சேலையில் தன் கையாலேயே ஓவியம் தீட்டப் போறாங்களாம்!

“இந்த வயசுல எதுக்கும்மா? சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?”

இப்படிக் கேட்டது பாட்டியோ பெரியம்மாவோ இல்லை. இளைஞர் முகாமில் பெண்ணுரிமை பற்றி மேடையேறிப் பேசிய நான்தான்.

வார்த்தை வெளியே வந்த பிறகுதான் உறைத்தது. ‘உடையில் என்ன இருக்கு, மனசுதான் முக்கியம்’ என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். உடையில் ஒன்றுமில்லை என்றால், அம்மா எந்த நிறம் கட்டினால் எனக்கென்ன? ஏதோ இருக்கிறது என்றால், அதை முடிவு செய்ய வேண்டியவர் உடுத்துபவர் அல்லவா? எப்படிப் பார்த்தாலும் நான் கேட்டதில் நியாயம் இல்லை.

ஆனாலும் ஒரு சந்தேகம் மிச்சமிருந்தது. புதுப்பித்துக்கொள்வது என்றால் பழசை மறப்பதா?

அம்மாவைக் கூட்டி வரப் போன இடத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. சாந்திங் என்ற சிறு செப்புக் கருவியில் உருகிய மெழுகை எடுத்துப் பட்டில் கோடு போடுகிறார்கள். கோட்டுக்குள் தூரிகையால் சாயம் விடுகிறார்கள். சாயம் பரவாதபடி மெழுகு அணை கட்டுகிறது. பிறகு சோடியம் சிலிகேட் பூசி நிறத்தை நிலைக்க வைத்து, அலசி, கொதிநீரில் போட்டு மெழுகை எடுக்கிறார்கள். மெழுகு இருந்த இடத்தில் துணியின் பழைய நிறமே கோடாகத் தெரியும்.

சாயம் சுவருக்கு அடிக்கும் பெயிண்ட் மாதிரி பழசை மூடாது. நூலுக்குள் இறங்கி, அங்கே இருக்கும் நிறத்தோடு கலக்கும். மஞ்சள் மீது நீலம் விட்டால் பச்சைதான் வரும். அம்மா சேலையின் முந்தானையில் பழைய குங்குமக் கறை ஒன்று இருந்தது. கிளந்தான்கார மலாய் ஆசிரியை அதை மறைக்கச் சொல்லவில்லை. அதையே நடுவாக வைத்து ஒரு செம்பருத்தி வரையச் சொன்னார்.

பகவத் கீதையின் இரண்டாம் அத்தியாயம், பழைய உடையைக் களைந்து புதியதை உடுத்துவது போல ஆத்மா வேறு உடலை ஏற்கிறது என்கிறது. அது உடலை விட்ட பிறகு நடப்பது. உயிரோடு இருக்கும்வரை நமக்கு ஒரே துணிதான். அதைக் கறையோடு சேர்த்துத்தான் புதுப்பிக்க முடியும்.

தீபாவளியன்று அம்மா அதைக் கட்டிக்கிட்டாங்க. “அதுக்குள்ளேயா?” என்றார் ஓர் உறவுக்காரர். அம்மா சிரித்தபடி, “அவரு வாங்கிக் கொடுத்திருந்தா, கலராத்தான் வாங்கியிருப்பாரு” என்றாங்க.

எல்லா அம்மாவும் இப்படிச் செய்யணும் என்று நான் சொல்லவில்லை. வெள்ளையிலேயே அமைதி காண்பவர்கள் இருக்கிறார்கள். அதுவும் அவர்கள் விருப்பம். விலையுயர்ந்த சேலை வாங்கினால் வாழ்க்கை புதுசாகிவிடும் என்றும் சொல்லவில்லை. நான் கேட்பது ஒன்றுதான், நண்பர்களே: உங்க வீட்டில் யாருடைய நிறத்தை நீங்க முடிவு செய்துகிட்டு இருக்கீங்க?