முதல் திரையில் யாருக்கு இடம்?

கைபேசியின் முதல் திரையில் எது இருக்கிறது என்பதைச் சின்ன விஷயமாகவே நாம் நினைத்துக்கொள்கிறோம். அந்த இடத்தை விற்கும் நிறுவனங்கள் அப்படி நினைப்பதில்லை. கூகுளுக்கு எதிராக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கின் ஆவணங்களில் ஒரு கணக்கு வெளிவந்தது. ஐபோனின் சஃபாரி உலாவியில் தானாக வந்து நிற்கும் தேடுபொறியாக இருப்பதற்கு, 2022ஆம் ஆண்டில் மட்டும் கூகுள் ஆப்பிளுக்கு 2,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறது. வேறு தேடுபொறி வேண்டுமென்றால் யாரும் சில நொடிகளில் மாற்றிக்கொள்ளலாம். பெரும்பாலோர் மாற்ற மாட்டார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் அவ்வளவு பணம். அதே 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு கைபேசி தயாரிப்பவர்கள் கூகுளின் செயலிகளை மொத்தமாக ஏற்றி, கண்ணில் படும் இடத்தில் வைத்தாக வேண்டும் என்ற நிபந்தனை அதற்கான காரணங்களில் ஒன்று. கடைத்தெருவில் முனைக் கடைக்கு வாடகை அதிகம் என்பது போல, திரையின் முதல் இடத்துக்கும் விலை உண்டு. அந்த இடத்துக்குச் சொந்தக்காரரான நாம் மட்டும்தான் அதன் மதிப்பை அறியாமல் இருக்கிறோம்.

முகப்புத் திரையைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஆர்வம் இன்று பரவலாகத் தெரிகிறது. ஆண்ட்ராய்டில் எல்லாச் செயலிகளையும் தனிப் பட்டியலில் வைத்துவிட்டு, வேண்டியதை மட்டும் முகப்பில் நிறுத்தும் வழி தொடக்கத்திலிருந்தே உண்டு. ஐபோனிலோ 2020இல் ஐஓஎஸ் 14 வரும்வரை, ஒரு செயலியை நீக்காமல் முகப்பிலிருந்து எடுக்க முடியாமல் இருந்தது. ஃபோல்டருக்குள் தள்ளத்தான் முடிந்தது. இப்போது நயாகரா, ஓலாஞ்சர் போன்ற, ஆண்ட்ராய்டின் முகப்புத் திரையையே மாற்றித்தரும் லாஞ்சர்கள் வண்ண ஐகான் வரிசைகளை அகற்றிவிட்டு, வேண்டிய சில செயலிகளை மட்டும் பெயர்ப் பட்டியலாகக் காட்டுகின்றன. இதைப் பலர் அழகுணர்ச்சியாகப் பார்க்கிறார்கள்: கறுப்பு வால்பேப்பர், ஒரே நிறத்தில் ஐகான்கள், நடுவில் ஒரு கடிகாரம். அழகில் குற்றமில்லை. ஆனால் இந்த முயற்சியின் உண்மையான பயன் வேறு. கைபேசியை எடுத்தபின் அடுத்து என்ன செய்வது என்ற முடிவை யார் எடுக்கிறார்கள் என்பதை அது மாற்றுகிறது. அந்த மாற்றம் நடக்காவிட்டால், எவ்வளவு அழகான திரையும் வெறும் அலங்காரம்தான்.

எப்படி மாற்றுகிறது என்று பார்ப்போம். மின்கட்டணம் கட்டக் கைபேசியை எடுக்கும் ஒருவர், வழியில் வேறொரு செயலியின் ஐகானில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பார்க்கிறார். கண்ணில் பட்டது கையை இழுக்கிறது, கட்டணம் மறந்துபோகிறது. அந்த ஐகான் முதல் திரையில் இல்லையென்றால், அதைத் திறக்க முதலில் அதை நினைக்க வேண்டும், பிறகு தேட வேண்டும். பார்த்ததும் திறப்பதற்கும் நினைத்துத் திறப்பதற்கும் நடுவில் ஒரு சிறு தாமதம் பிறக்கிறது. அந்தத் தாமதத்துக்கு வலிமை உண்டு என்பதற்கு ஆய்வுச் சான்றும் இருக்கிறது. ‘ஒன் செக்’ என்ற செயலி, நாம் குறிப்பிட்ட செயலியைத் திறக்கப் போகும்போது சில நொடி காக்கவைத்து, தொடரவா, விட்டுவிடவா என்று கேட்கும். அதைப் பயன்படுத்தியவர்களை ஆராய்ந்து 2023இல் வெளியான ஆய்வில், 36 சதவீதத் தருணங்களில் அவர்கள் திறக்க வந்ததையே விட்டுவிட்டார்கள் என்று தெரிந்தது. ஆறு வாரம் கழித்து, திறக்க முயல்வதே முதல் வாரத்தைவிட 37 சதவீதம் குறைந்திருந்தது. காக்கவைத்ததும், விட்டுவிட வழி கொடுத்ததும் பலன் தந்தன. அதோடு காட்டிய, யோசித்துப் பார்க்கச் சொல்லும் வாசகம் பலன் தரவில்லை. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் செய்திதான். கைபேசியைக் குறைவாகப் பார் என்று பிள்ளைகளுக்கும் நமக்கும் நாமே ஓயாமல் சொல்லிக்கொள்கிறோம். சொல்லால் முடியாததை, தாமதத்தைக் கொண்டுவரும் இடமாற்றம் செய்துவிடுகிறது.

பழக்கம் முற்றிவிட்டால் ஐகானை ஒளித்து என்ன பயன், விரல் தானாகவே தேடிப் போய்விடுமே என்று கேட்கலாம். உண்மைதான். சில நாளில் புதிய வழியும் விரலுக்குப் பழகிவிடும். அறிவிப்புகளை நிறுத்தாமல் திரையை மட்டும் வெறுமையாக்கினால், முன்வாசலை மூடிவிட்டுப் பின்வாசலைத் திறந்துவைத்ததாகவே ஆகும். அதனால் இது ஒரே நாளில் முடித்துவிடும் வேலை அன்று. அறிவிப்புகளையும் சேர்த்து, அவ்வப்போது திரும்பிப் பார்க்க வேண்டிய ஏற்பாடு. முழுத் தீர்வு இல்லை என்பதால் பாதித் தீர்வைக் கைவிட வேண்டியதில்லை. நாள்தோறும் பலமுறை நிகழும் ஒரு செயலில், சில முறை நின்று யோசிக்க வாய்ப்புக் கிடைத்தாலும் அது ஆண்டுக் கணக்கில் பெரிய லாபம்.

இன்னொரு மறுப்பு கனமானது. வெறுமையான திரை என்பது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு. உணவு கொண்டுசேர்ப்பவருக்கும் ஆட்டோ ஓட்டுநருக்கும் கைபேசியே தொழில் கருவி, கண் மங்கிய முதியவருக்குப் படம்தானே அடையாளம் என்பார்கள். நான் இதை ஏற்கிறேன். இதிலிருந்துதான் எளிமைக்குச் சரியான அளவுகோலும் கிடைக்கிறது. எத்தனை ஐகான் இருக்கிறது என்பது அளவுகோல் ஆகாது. இருக்கும் ஒவ்வொன்றும் எந்தத் தேவைக்காக அங்கே வந்தது என்பதே அளவுகோல். வரைபடம், பணம் பெறும் செயலி, வேலை தரும் செயலி மூன்றும் முன்னால் நிற்கும் ஓட்டுநரின் திரை எளிமையானது. மகள், பேரன் முகங்கள் பெரிதாகத் தெரிந்து, ஒரு தொடுதலில் அழைப்பு போகும் பாட்டியின் திரையும் எளிமையானதே. மாறாக, வாரம் ஒரு ஐகான் தொகுப்பு வாங்கி, மணிக்கணக்கில் நிறம் பொருத்திக்கொண்டிருப்பவரின் திரை எவ்வளவு வெறுமையாகத் தெரிந்தாலும், அவருடைய கவனத்தை அது தின்றுகொண்டுதான் இருக்கிறது.

நிறுவனங்கள் செய்ய வேண்டியதைத் தனிமனிதர் தலையில் கட்டலாமா என்ற கேள்வியும் நியாயமானது. நீக்க முடியாத செயலிகள், நாம் கேட்காமலே நிறுவப்படும் விளையாட்டுகள், திறக்காமலே எரியும் சிவப்பு எண்கள் ஆகியவற்றைக் கட்டுப்படுத்துவது சட்டத்தின் வேலை. போட்டி ஆணையத்தின் தீர்ப்பைப் போன்றவை இன்னும் வர வேண்டும். ஆனால் தங்கள் திரையில் எது ஏன் இருக்கிறது என்று ஒருமுறையும் கேட்டிராத மக்கள், அதை மாற்றச் சொல்லி அரசிடம் கேட்கவும் மாட்டார்கள். தன் திரையை ஒழுங்குசெய்யும் ஒருவர், நீக்க முடியாத செயலியின் மீது விரலை அழுத்தி, அது போக மறுப்பதைக் காணும்போதுதான், தன் பணத்தில் வாங்கிய பொருளில் தனக்கு எவ்வளவு உரிமை இல்லை என்பதை உணர்கிறார். ஆகவே இந்தச் சிறு வேலை சொந்த நிம்மதியோடு நிற்பதில்லை. உரிமையைக் கேட்கும் பழக்கத்தையும் தருகிறது. முதல் திரையில் உள்ள ஒவ்வொன்றையும் பார்த்து, இதை இங்கே வைத்தது நானா, வேறொருவரா என்று கேட்போம். வேறொருவர் வைத்தது என்றால், நமக்கும் அது வேண்டும் என்று தோன்றினாலொழிய, அதை அங்கிருந்து எடுத்துவிடுவதே சரி.