மரக்காலும் கேஸ் லைட்டும்

"காலனியில ஒண்ணும் கெடைக்காது சார். ஊருக்குள்ளயே பாத்துக்கலாம்."

பழைய விளக்கு, வெற்றிலைச் செல்லம், பித்தளை அண்டா என்று தேடித் திருவாமாத்தூருக்கு வந்த ஒருவரிடம், அவரை ஏற்றிவந்த ஆட்டோக்காரர் சொன்ன வார்த்தை இது. வந்தவர் படித்தவர், நண்பர் ஒருவர் மூலமாக எனக்கும் அறிமுகமானவர். ஆட்டோக்காரர் பொய் சொல்லவில்லை. எங்கள் தெருவில் நூறு வருஷத்துப் பித்தளை எதுவும் கிடையாது. ஏன் கிடையாது என்பதுதான் கேள்வி.

வறுமை என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது பாதிதான். 1930 டிசம்பரில் இராமநாதபுரத்து ஆதிதிராவிடர்கள் மீது ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளை ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக்கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது என்கிற அந்த வரிசையில் இதுவும் ஒன்று: வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக்கூடாது. 1935 நவம்பரில் அகமதாபாத் மாவட்டத்து ஜானு கிராமத்தில் உலோகக் குடத்தில் தண்ணீர் எடுத்த தீண்டப்படாத பெண்களை அடித்தார்கள். வசதியுள்ள குடும்பத்துப் பெண்கள் அவர்கள். காசு இருந்தது, குடம் வாங்கினார்கள், அதுதான் குற்றம். அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' உரையில் இதைச் சொல்கிறார். மனு எப்போதோ எழுதி வைத்தானே, சண்டாளனுக்கு உடைந்த பாத்திரத்தில் சோறு என்று. இதெல்லாம் பழைய கதை என்பவர்கள் 1995 ஆகஸ்ட் 31ல் கொடியன்குளத்தில் போலீஸ் எதையெதை உடைத்தது என்று பார்க்கட்டும். டி.வி. பெட்டி, மின்விசிறி, தையல் மெஷின். 2012 நவம்பர் 7ல் தருமபுரி நத்தம் காலனியில் எரிந்ததும் வீடு மட்டுமில்லை, வீட்டுக்குள்ளே சேர்த்து வைத்திருந்த பண்டங்களும்தான்.

மண்சட்டி உடையும். ஆயா சட்டியை அம்மாவுக்குக் கொடுக்க முடியாது, அம்மா சட்டி மருமகளுக்கு வராது. பழம்பொருள் என்றால் வயசு மட்டுமில்லை. உடைக்காமல் விட்டு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மூன்று தலைமுறையாக ஒரு வீட்டில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு அங்கே தொங்கும் தூக்கு விளக்கே சாட்சி.

புதுச்சேரிப் பக்கம் இருக்கும் அவர் வீட்டை ஒருநாள் போய்ப் பார்த்தேன். சுவர் முழுக்க விளக்கு. பாவை விளக்கு, சரவிளக்கு, கைவிளக்கு, நாலு முக விளக்கு. ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டுச் சொன்னார். பொருளை நேசிக்கிற மனுஷனை நான் கேலி செய்ய மாட்டேன். புனேயில் தினகர் கேள்கர் என்பவர் விளக்கும் பூட்டும் பாக்குவெட்டியுமாக ஆயிரக்கணக்கில் சேர்த்து, செத்துப்போன மகன் ராஜாவின் பெயரை அதற்கு வைத்தார். துக்கத்துக்கு அப்படியும் ஒரு வழி உண்டு.

ஆனால் கூடத்தின் நடுவிலே, கண்ணாடி மேசை மேல், ஒரு மரக்கால். பித்தளைப் பட்டை கட்டி, எண்ணெய் போட்டு மினுமினுவென்று இருந்தது. அதில் காகிதப்பூ வைத்திருந்தார். "என்ன வேலைப்பாடு பாருங்க" என்றார்.

எனக்கு வேலைப்பாடு தெரியவில்லை. ஆயாவின் குரல்தான் கேட்டது. "அளந்து வாங்கறதுக்கு ஒண்ணு, அளந்து போடறதுக்கு ஒண்ணுடா." குத்தகை நெல்லைக் கூம்பாகக் குவித்து வாங்கும் மரக்கால் வேறு, கூலி நெல்லைத் தலைதட்டிப் போடும் மரக்கால் வேறு. தலைதட்டும்போது விரலையும் உள்ளே விட்டு அளப்பான் என்று ஆயா சொல்லும். வெண்மணியில் 1968 டிசம்பர் 25ல் 44 பேரைக் கொளுத்தினார்களே, அதன் அடியில் கிடந்ததும் படி நெல் கணக்குத்தான். எங்கள் ஊர்க் கோயிலில் வட்டப்பாறை இருக்கிறது. அதன் முன்னால் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது நம்பிக்கை. அந்த மரக்காலைக் கொண்டுபோய் வட்டப்பாறை மேல் வைத்துச் சத்தியம் கேட்டிருக்கலாம். ஆனால் 1947ல் ஆலயப் பிரவேசச் சட்டம் வருகிற வரைக்கும் எங்கள் தாத்தா எப்படிப் போய்க் கேட்பார்?

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அப்ப இத தூக்கிப் போட்டுடவா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அமெரிக்காவில் டேவிட் பில்கிரிம் என்ற கறுப்பினப் பேராசிரியர் இருக்கிறார். சிறுவயதில் சந்தையில் கறுப்பரை இழிவுபடுத்தும் பொம்மை ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி, விற்றவன் முன்னாலேயே தரையில் போட்டு உடைத்தார். அதன்பிறகு உடைப்பதை விட்டுச் சேர்க்க ஆரம்பித்தார். இன்றைக்கு மிச்சிகனில் அது பல்கலைக்கழக அருங்காட்சியகம். பாபாசாகேப் 1927 டிசம்பர் 25ல் மகாடில் மனுவை எரித்தார். எரித்த பிறகும் அதை எடுத்து வைத்துக்கொண்டு, வரியைக் காட்டிக் காட்டித்தான் எழுதினார். எரிப்பதா, வைத்திருப்பதா என்பதற்கு அவரிடம் இரண்டு பதிலும் இருக்கிறது. டீக்கடைக் கூரையில் நமக்கென்று சொருகி வைத்த அலுமினிய டம்ளரையும் கொட்டாங்குச்சியையும் எவன் சேர்த்து வைத்திருக்கிறான்? நாமும் வைக்கவில்லை. மரக்காலை வைத்திருங்கள், பூவை மட்டும் எடுங்கள் என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது.

வெளியாரிடம் பேசும்போது நியாயம் சுத்தமாக இருக்கிறது. நம் வீட்டுக்குள் வந்தால் சிக்கல். எங்கள் வீட்டிலும் ஒரு பழைய சாமான் உண்டு, ஆட்டோக்காரருக்குத்தான் தெரியாது. அப்பாவின் கேஸ் லைட். ஊர்க் கல்யாண ஊர்வலத்தில், சாமி புறப்பாட்டில் அதைத் தலையில் சுமப்பது அப்பாவின் வேலை. சும்மாடு கருகும், மண்ணெண்ணெய் பிடரியில் ஒழுகும். மாப்பிள்ளை முகத்துக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டே போய், பந்தல் வாசலில் இறக்கிவைத்துவிட்டு இருட்டில் உட்கார வேண்டும். இலை எடுத்த பிறகு சோறு. பின்னால் அந்த வேலைக்கு முழுக்குப் போட்டபோது, லைட்டைத் தன் காசில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஏன் வாங்கினார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

சேகரிப்பாளர் அதை எப்படியோ கேள்விப்பட்டு வந்து பார்த்தார். நல்ல விலை சொன்னார். நான் தரமாட்டேன் என்றேன், இது சாட்சி என்றேன். அம்மா குறுக்கே வந்தது. "இன்னாடா சாட்சி? அது அந்த மனுஷன் தலையில ஏறி உக்காந்தது பத்தாதா? வித்துட்டுப் பேத்திக்கு எதுனா வாங்கு."

மரக்கால் விஷயத்தில் எனக்கிருந்த தெளிவு இதில் இல்லை. அதன் சூட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தது அம்மா. பச்சிலை அரைத்துப் பிடரியில் போட்டதும் அதுதான். இதைப் பண்பாடு, சாட்சியம் என்று பேச எனக்கு இருக்கிற உரிமை, 'பார்க்கப் பிடிக்கவில்லை' என்று சொல்ல அதற்கு இல்லையா?

அவர் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார். அம்மா காலையில் அதைத் தூக்கித் திண்ணையில் வைக்கிறது. ராத்திரி நான் உள்ளே எடுத்து வைக்கிறேன்.