தூணில் சாய்ந்திருக்கும் பிள்ளை

பயான் நேரத்தில் தூணில் சாய்ந்திருக்கும் 15 வயதுப் பையனை, "நிமிர்ந்து உட்காருடா, சோம்பேறி!" என்று அதட்டுகிறோம். பிறவியிலேயே தசை இறுக்கம் குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். நமக்குத் தானாக நிமிரும் முதுகை அவர்கள் பாடுபட்டு நிமிர்த்த வேண்டும், சீக்கிரம் களைத்துவிடுவார்கள். பிசியோதெரபி அந்தத் தளர்வை அடியோடு மாற்றிவிடாது, ஆனால் விடாமல் செய்தால் பலம் கூடும். பெற்றோரே, தினம் 10 நிமிடமாவது கூடவே உட்கார்ந்து செய்யுங்கள். குறைவானாலும் நிரந்தரமாகச் செய்யும் அமலே அல்லாஹ்வுக்கு மிகப் பிரியமானது என்றார்கள் நபி (ஸல்) அவர்கள்.

மூல நோயால் சிரமப்பட்ட இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க முடியாவிட்டால் உட்கார்ந்து தொழ அனுமதித்தார்கள். நிற்க முடியாத இந்தப் பையனுக்கும் ஸஃப்பில் ஒரு நாற்காலி போடுங்கள். நம் அதட்டலால் அவன் பள்ளிக்கு வருவதையே நிறுத்தியிருந்தால், வீட்டுக்குப் போய்க் கூட்டி வாருங்கள்.