கண்ணீரும் சுவிட்சும்



இலத்தூரில் நம்ம பேஸ் கிட்டார் தம்பி, எந்தப் பாட்டுக்கு எந்த பிக்கப் என்று முன்கூட்டியே பதிந்து வைத்திருக்கிறான். பிக்கப் என்பது காந்தமும் செப்புக்கம்பிச் சுருளும்தான். துதிக்கு பிரிட்ஜ் பக்கம், கூர்மையாய். ஆராதனைக்குக் கழுத்துப் பக்கம், கனமாய். தந்தி ஒன்றே, கேட்கும் இடந்தான் வேறு. அந்தக் கனம் விழுந்ததும் நமக்குக் கண்ணீர் வருதே, அது ஆவியானவரா, சுவிட்சா?

இசையைத் தள்ள முடியாது. எலிசாவே வாத்தியக்காரனை வரச்சொன்னார், இசைக்கு நடுவே தேவகரம் வந்தது (2 இராஜா. 3:15). வாத்தியத்தில் மகிழ்ந்து, யோசேப்பின் துயரத்தை மறந்தவர்களையும் ஆமோஸ் கண்டார் (6:5,6).

போன ஞாயிறு ஆராதனை நடுவில் கரண்ட் போச்சு. பேஸ் ஊமையாயிற்று. பின்வரிசையில் ஒரு ஆச்சி மட்டும் கைதட்டிப் பாடிக்கிட்டே இருந்தாங்க. மற்றவர்கள் ஜெனரேட்டர் பக்கம் திரும்பினோம். நானுந்தான்.